ஜப்பான், நாலாம் மாடி

சாம்பவி ஜப்பானில் இருந்த முதல் ஆறு மாதத்தில் ஒரு நாளும் பாரிசை விட்டு வெளியே போகவில்லை.

அவளுடைய ஜப்பான் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், ஒரு மாணவர் விடுதியின் நாலாம் மாடியில், 407ஆம் இலக்க அறையாக இருந்தது. ஒன்பது சதுர மீற்றர் நாடு. ஒரு கட்டில், ஒரு மேசை, முகம் கழுவ ஒரு தொட்டி, தெருப் பக்கமாக ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கீழே மூன்று கடை தள்ளிக் கொத்து ரொட்டி போடுகிற தகரச் சத்தம் கேட்கும். காற்று ஒத்து வந்தால் ரோல்ஸ் பொரிகிற மணமும் ஏறி வரும். உண்மையான ஜப்பானில் எந்த விடுதியிலும் இந்த வசதி கிடையாதாம்.

இந்த ஜப்பானைக் கண்டுபிடித்தவர் அவளுடைய அப்பா குணரத்தினம். ரூ காய் தெருவில் சேலைக்கடை வைத்திருப்பவர். ஊர் ஒன்றியத்தின் தலைவர். ஒலிவாங்கி ஒன்றைக் கண்டால், அது வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் கடந்துபோகத் தெரியாதவர்.

2009இல் சாம்பவி பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படிக்கச் சேர்ந்தபோது வீடு பாரிசுக்கு வெளியே திரான்சியில். அம்மா கலாவதி, அப்பா, தம்பிமார் இருவர், சுவரை அடைத்த ஒரு தொலைக்காட்சி. காலையில் ரயில் நின்றுவிடும். பின்னேரத்தில் தொலைக்காட்சி நிற்காது. இரண்டாயிரம் எழுத்துப் படிக்க வேண்டிய மொழியில் அவள் இருநூறோடு மூச்சு வாங்கி, முதலாம் ஆண்டுச் சோதனையில் கவிழ்ந்தாள். இன்னொரு தரம் கவிழ்ந்தால் படிப்பே போய்விடும். விடுதிக்கு விண்ணப்பம் போட்டாள்.

“ரூம் எடுத்து இருக்கப் போறாவாம்,” என்றார் அப்பா, மகள் மறியல் வீட்டுக்குப் போகிறாள் என்பதுபோல. “கலியாணம் கட்டாத பெட்டை, தாய் தேப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்க, இருபது நிமிச ரயில் ஓட்டத்திலை தனிய ரூம்! ஆக்கள் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?”

“படிக்கிறா எண்டு சொல்லுங்கோவன்,” என்றாள் கலாவதி.

“படிக்கிறதுக்கு வீட்டிலை மேசை இல்லையோ எண்டு கேப்பாங்கள்.”

“மேசை இருக்கிறது. அதற்கு மேலே உங்கள் ஒன்றியத்தின் வெற்றிக் கிண்ணங்கள் இருக்கின்றன,” என்றாள் சாம்பவி பிரெஞ்சில்.

அறை கிடைக்கிறதற்கு முதலே கேள்வி வந்துவிட்டது. கேட்டவர் எதிர்க்கடை தில்லையம்பலம். பலசரக்குக்கடை, ஒன்றியத்தின் உபதலைவர், தலைவர் பதவியில் அவருக்கு ஒரு கண், குணரத்தினத்தின் குடும்பச் செய்திகளில் மற்றக் கண்.

“என்ன குணம், மகளைக் கனநாளாய்க் கடைப்பக்கம் காணேல்லை?”

குணரத்தினம் வாயைத் திறந்தார். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது. வந்தது இதுதான்: “அவ ஜப்பானுக்கெல்லோ படிக்கப் போறா.”

தில்லையம்பலத்தின் முகம் ஒரு கணம் சுருங்கிப்போயிற்று. அந்தச் சுருக்கத்தைப் பார்த்த சந்தோசத்தில் குணரத்தினத்துக்குத் தான் சொன்னது பொய் என்பதே மறந்துவிட்டது. கணக்கு எவ்வளவு சுலபம்! இருபது நிமிடத் தூரத்தில் தனியே இருக்கிற மகள் மானக்கேடு. பத்தாயிரம் கிலோமீற்றர் தூரத்தில் தனியே இருக்கிற மகள் பெருமை. இடையிலே உள்ள தூரம்தான் ஒழுக்கம்.

பிறகு விடுதியிலிருந்து கடிதம் வந்தது. பாரிசில் இருக்கிற இருபது வட்டாரங்களையும் விட்டுவிட்டு, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அறை கொடுத்திருந்தார்கள். கடையிலிருந்து மெத்ரோப் பாலத்துக்குக் கீழால் ஐந்து நிமிட நடை.

“இவ்வளவு பெரிய பாரிசிலை உவங்களுக்கு வேறை றோட்டே கிடைக்கேல்லையோ?” என்று குணரத்தினம் தலையில் கைவைத்தார். மறுத்தால் அடுத்த அறை அடுத்த வருசம்தான். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். “ஓராள், ஓராள் உன்னை இஞ்சை கண்டாலும் கதை முடிஞ்சுது. அண்டைக்கே சாமான் சட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டை வாறாய்.”

அப்படித்தான் சாம்பவி ஜப்பானுக்குப் போனாள். செப்ரம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு சூட்கேசோடு, சேலைக்கடை திறக்கிறதற்கு முதல்.

இன்றைக்கு நினைத்தால் அந்த விடுதியில் எதுவும் ஒழுங்காக இல்லை. பொதுக் குசினியில் நாலு மின்னடுப்பு, அதில் இரண்டு சூடாகும். குளிர்பெட்டிக்குள் எல்லாருடைய பாலிலும் எல்லாருடைய பெயரும் எழுதியிருக்கும், எல்லாரும் எல்லாருடைய பாலையும் குடிப்பார்கள். பொறுப்பாளர் பேனாட் இரண்டு நாளைக்கொரு தரம் ஒரு புதிய விதியை எழுதி ஒட்டுவார். ஒட்டுகிற இடத்தில் அறிவித்தல் ஒட்டக் கூடாது என்கிற பழைய விதி ஏற்கெனவே ஒட்டியிருக்கும். ஆனாலும், கதவை மூடினால் மூடிய கதவாக இருக்கிற ஓர் இடம் அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்தது. சுவர் முழுக்க எழுத்து அட்டைகளை ஒட்டினாள். கண்ணாடியில் ‘முகம்’, கதவில் ‘வாசல்’, ஜன்னலில் ‘காற்று’. ரோல்ஸ் மணத்துக்கு எழுத்துக் கிடைக்கவில்லை.

பக்கத்து அறை 408இல் ஓர் உண்மையான ஜப்பான்காரி இருந்தாள். பெயர் சிஹாரு. மியாகி மாகாணத்துக் கரையோர ஊர் ஒன்றில் மீன்பிடிக்காரர் வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு இலக்கியம் படிக்க வந்தவள். இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். காலையில் ஜப்பானியம், பின்னேரம் பிரெஞ்சு. சிஹாரு சோறு வடிக்கிற சின்ன மின்பானை வைத்திருந்தாள். அது பேனாட்டின் பதினோராம் விதிக்கு விரோதம். ஆகவே அலுமாரிக்குள் உடுப்புகளுக்கிடையில் வைத்துச் சோறு காய்ச்சினார்கள். அந்த வருசம் முழுக்கச் சிஹாருவின் மேற்சட்டைகளில் புதுச் சோற்று மணம்.

ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன சொல்வார்கள் என்று ஒரு நாள் சிஹாரு சொல்லிக் கொடுத்தாள். இத்தெகிமாசு. “போய், வருகிறேன். இரண்டும் சேர்ந்து ஒரே சொல்.”

சாம்பவி துள்ளி எழுந்தாள். “எங்களிடமும் அதேதான்! ‘போட்டு வாறன்.’ ‘போறன்’ என்று மட்டும் சொன்னால் அம்மா வாயில் அடிப்பார்.”

அதற்குப் பிறகு ஒருத்தி “போட்டு வாறன்” என்பாள், மற்றவள் “இத்தெகிமாசு” என்பாள். எதிர்ப்பக்க மொழியில்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம். பேனாட் அதை மட்டும் எழுதி ஒட்டவில்லை.

வெளியே போவதுதான் பாடு. சிஹாரு கொடுத்த வெள்ளை முகமூடி ஒன்றை மாட்டி, தலைக்கு மேலே துணியை இழுத்துவிட்டு, லாச்சப்பல் மெத்ரோ பக்கம் போகாமல் வடக்கே மார்க்ஸ் டோர்முவா நிலையத்துக்கு நடப்பாள். அந்தக் காலத்தில் பாரிசில் முகமூடி போட்டவரைக் கண்டால் சனம் ஏதோ தொற்று நோய் என்று விலகும். மெத்ரோவில் எப்போதும் இருக்க இடம் கிடைத்தது. ஆனால் கறிவேப்பிலை வாங்கப் போக முடியாது. நாடு விட்டு நாடு வந்தவர்களுக்கு ஊர் நினைப்பு வருகிறது இயல்பு. அவளுக்கோ முன்னூறு மீற்றர் தள்ளியிருந்த தெருவின் நினைப்பு வந்தது. ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று, கீழே மரக்கறிப் பையோடு போகிற அன்ரிமாரைக் கடல் கடந்தவள்போலப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மூன்றாம் கிழமையே பிடிபட்டாள். விடுதியில் கூட்டித் துடைக்கிற இம்மாகுலேற், மன்னார்க்காரி, நாலாம் மாடிக் குசினியில் அவளை முகமூடியில்லாமல் கண்டுவிட்டாள்.

“நீ சேலைக்கடைக் குணரத்தினத்தாற்றை மகளெல்லோ? ஜப்பானிலை எண்டு அந்த மனிசன் ஊர் முழுக்க…”

“அன்ரி, உங்களைக் கும்பிட்டன். சொல்லிப்போடாதேங்கோ. சொன்னால் ரூம் போச்சு. ரூம் போனால் படிப்புப் போச்சு.”

இம்மாகுலேற் விளக்குமாற்றை ஊன்றி நின்று மேலும் கீழும் பார்த்தாள். “மடு மாதாவே, ஜப்பான் எவ்வளவு ஊத்தை,” என்றாள் குசினியைப் பார்த்து. அடுத்த நாள் துடைப்புத் துணிக்கு அடியில் ஒரு சரை கறிவேப்பிலை வந்தது. பிறகு வெள்ளிக்கிழமைகளில் தில்லையம்பலம் கடை ரோல்ஸ். “ஆருக்கு அன்ரி எண்டு மாமா கேக்கேல்லையோ?” “கேட்டவர். எனக்குப் பசி எண்டு சொன்னன்.”

இதற்கிடையில் சேலைக்கடையில் ஜப்பான் வளர்ந்துகொண்டிருந்தது. குணரத்தினம் கல்லாவுக்கு மேலே இரண்டாவது மணிக்கூடு ஒன்று மாட்டி, கீழே ‘ஜப்பான்’ என்று எழுதி ஒட்டினார். எட்டு மணித்தியாலம் முன்னுக்கு வைக்கிறதை எட்டு மணித்தியாலம் பின்னுக்கு வைத்துவிட்டார். பகல் பதினொரு மணிக்கு வாடிக்கையாளரிடம், “பாவம், இப்ப அங்கை விடிய மூண்டு மணி, பிள்ளை நல்ல நித்திரை,” என்பார். அந்நேரம் ஜப்பான் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். கனகாலமாக விலைபோகாமல் கிடந்த நைலோன் சேலைகளுக்கு ‘நேரடி ஜப்பான்’ என்று பெயர் வைத்தார். “அங்கத்தைச் சனம் எவ்வளவு ஒழுக்கம் தெரியுமோ? வீட்டுக்குள்ளை போக முதல் செருப்பை வெளியிலை கழட்டுவினமாம்!” என்று அவர் சொல்ல, ஆயுள் முழுக்கச் செருப்பை வெளியே கழற்றியவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். தைப்பொங்கல் விழாவில் ‘ஜப்பான் புகழ் சாம்பவியின் தந்தை’ என்று அழைத்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் தில்லையம்பலம். அந்தப் பொன்னாடை கொஞ்சம் இறுக்கமாகப் போர்த்தப்பட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

தில்லையம்பலத்துக்கும் கைவசம் ஒரு வெளிநாடு இருந்தது. மகன் பிருந்தாபன் லண்டனில் கணக்கியல் படிக்கிறான்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமைப் பகல், விடுதியின் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கப் போன சாம்பவி, பழுதான மெஷின் ஒன்றுக்குள் தலையை விட்டிருந்த திருத்தவேலைக்காரனைக் கண்டாள். அவன் தலையை வெளியே எடுத்தான். இவள் முகமூடியை மேலே இழுக்க மறந்துவிட்டாள்.

“நீர் ஜப்பானிலை எண்டு…”

“நீங்கள் லண்டனிலை எண்டு…”

பக்கத்து மெஷின் கடகடவென்று சுழன்று நின்றது.

“ஜப்பான் எப்பிடிப் போகுது?” என்றான் பிருந்தாபன், திருகாணியைத் துடைத்தபடி.

“பரவாயில்லை. குளிர். லண்டன்?”

“சரியான மழை.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “இஞ்சை பொபினியிலைதான் இருக்கிறன். மரி-லூயிசோடை. அப்பாவுக்குத் தெரியும். அவர்தான் லண்டன் எண்டு சொல்லச் சொன்னவர்.”

“எனக்கும் அப்பாதான் ரிக்கெற் போட்டவர்,” என்றாள் சாம்பவி.

இருவரும் சிரித்த சிரிப்பில் மூன்றாம் மாடி ஆட்கள் மெஷின் வெடித்துவிட்டது என்று நினைத்தார்கள். அவள் உடுப்பை அவன் இலவசமாகத் தோய்த்துக் கொடுத்தான்.

2011 மார்ச் மாதம் பதினோராம் திகதி, வெள்ளிக்கிழமை.

காலையில் குசினிக்குப் போனபோது பொது அறைத் தொலைக்காட்சிக்கு முன்னால் சிஹாரு நின்றுகொண்டிருந்தாள். திரையில் ஜப்பானியக் கடல் கறுப்பான தண்ணீராக வயல்களுக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. வீடுகள் அதில் மிதந்து போயின. சிஹாருவின் கையில் தொலைபேசி. ஒரே இலக்கத்தை மறுபடி மறுபடி அழுத்தினாள். சாம்பவி பக்கத்தில் போய் நின்றாள்.

அன்றைக்கும் அடுத்த நாளும் இரண்டு பேரும் 408இல் இருந்தார்கள். சிஹாரு சாப்பிடவில்லை. மின்பானை அலுமாரிக்குள் குளிர்ந்து கிடந்தது.

அதே வெள்ளிக்கிழமை சேலைக்கடையில் குணரத்தினத்தைச் சுற்றிச் சனம் கூடிவிட்டது. அவருக்கு முதலில் விளங்கவில்லை. அன்றைக்குச் சேலைக்கு விலைக்கழிவு கொடுத்த நாள்கூட இல்லை. பிறகு விளங்கியதும் பெருந்தன்மையாகச் சிரித்து, “பயப்பிடாதேங்கோ, பிள்ளை சுகமாய் இருக்கிறா. இப்பதான் போன் வந்தது,” என்றார்.

அந்தச் சிரிப்பு அந்தத் தெருவுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. இரண்டு வருசத்துக்கு முதல், போரின் கடைசியில் ஊரிலிருந்து தகவல் வராத மாதங்களில், எல்லாரும் எல்லாருக்கும் அதே முகத்தோடு அதே வசனத்தைத்தான் சொன்னார்கள்: சுகமாய் இருக்கினமாம். ஆகவே குணரத்தினம் சிரிக்கச் சிரிக்கப் பெண்கள் அழுதார்கள். “தாங்கேலாமல் சிரிக்கிறார்,” என்றார்கள். அவர் கோபப்பட்டார். “பாவம், புத்தி பேதலிக்குது,” என்று தண்ணீர் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் தில்லையம்பலம் கடைக் கதவை இழுத்துப் பூட்டினார். பொங்கலன்றுகூடப் பூட்டாத கடை.

சனிக்கிழமை மத்தியானம் கலாவதி தொலைபேசி எடுத்தாள். குரல் களைத்திருந்தது.

“பிள்ளை, வீடு முழுக்கச் சாப்பாடு. புட்டு, இடியப்பம், சோறு, நாலு வகைக் கறி. என்னை அடுப்பு மூட்ட விடுகினமில்லை.”

“அம்மா, செத்த வீட்டுக்கெல்லோ அப்பிடிக் கொண்டு வாறது? நான் சாகேல்லையே!”

“அதைத்தான் நானும் சொன்னன். சொல்லச் சொல்லக் கட்டிப்பிடிச்சு அழுகினம். எனக்கும் அழுகை வந்திட்டுது.”

அப்பா தொலைபேசியைப் பறித்தார். “நாளைக்குப் பிரார்த்தனைக் கூட்டம் வைக்கிறாங்களாம். நீ வெளியிலை தலை காட்டாதை. திங்கட்கிழமை நான் ஏதும் சொல்லிச் சமாளிப்பன்.”

சாம்பவி சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு அப்பால் ஒருத்தி இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீரோடு இருந்தாள். திரான்சியிலே வைக்க இடமில்லாமல் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி தாண்டி இம்மாகுலேற் வந்தாள். அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை. கையில் ஒரு கடதாசி. பசை இன்னும் காயவில்லை.

“பிள்ளை, உன்னை வாசலிலை ஒட்டியிருக்கினம்.”

‘சாம்பவி குணரத்தினம் நலமுடன் மீளப் பிரார்த்தனை. மாலை நான்கு மணி.’ அச்சுக்காரரிடம் இருந்தது மரண அறிவித்தல் சட்டகம் ஒன்றுதான்போல. கறுப்புக் கரை, இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு. நடுவிலே அவளுடைய சாமத்திய வீட்டுப் படம்: பெரியபிள்ளையான பதின்மூன்று வயது, தலையில் கிரீடம், முகத்தில் ஒரு விரல் தடிப்புக்குப் பூச்சு, சிங்காசனத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதமாக முகமூடி போட்டதெல்லாம் வீண். இந்தப் படத்தை வைத்து அவளைப் பெற்ற தாயே அடையாளம் கண்டிருக்க மாட்டாள்.

“கன சனமோ அன்ரி?”

“மண்டபம் நிரம்பி வழியுது. உனக்காக அழாத ஆளில்லை. நானும் உன்னைத் தெரியாத மாதிரிக் கொஞ்சம் அழுதுபோட்டு வந்தன்.”

திறந்திருந்த கதவால் 408 தெரிந்தது. சிஹாரு தொலைபேசியை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பவி சப்பாத்தைத் தேடினாள்.

“எங்கை போறாய்? போனால் உன்ரை ரூம் போச்சு, பிள்ளை.”

“தெரியும் அன்ரி.” 407இன் கதவை, மேசையை, ‘காற்று’ என்று எழுதியிருந்த ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். பிறகு அடுத்த அறைக்குள் போய்ச் சிஹாருவின் கையைப் பிடித்தாள். “வா. சாப்பாடு இருக்கிற இடத்துக்குப் போவோம்.”

முகமூடி மேசையிலேயே கிடந்தது.

மண்டபம் ரூ காயில் ஒரு சாப்பாட்டுக்கடையின் கீழ்த்தளம். படிகளில் இறங்கும்போதே அப்பாவின் குரல் ஒலிவாங்கியில் கேட்டது. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு நாள் சொன்னவர், ஒலிவாங்கியைக் கண்டதும் தட்டிப் பார்த்திருக்கிறார். “…என் மகள் அங்கே உதயசூரியன் நாட்டிலே தமிழ்ப் பண்பாட்டின் தூதுவராக…”

அந்த இடத்தில் தூதுவர் உள்ளே வந்தார்.

முதலில் ஒரு பெண் “ஐயோ!” என்றாள். பிறகு எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். கறுப்புக் கரைப் படத்தையும் வாசலில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தில்லையம்பலம் முன் வரிசையிலிருந்து எழுந்து வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. அவளுடைய சப்பாத்தைப் பார்த்தார். பெட்டியில்லாத கையைப் பார்த்தார். மேடையில் உறைந்து நின்ற குணரத்தினத்தையும் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“பிளேனாலை இப்பதான் இறங்கினனியோ, பிள்ளை?”

அது கேள்வியில்லை, நீட்டிய கை. அவள் “ஓம்” என்றால் போதும். அப்பாவின் கண் அதைத்தான் கெஞ்சிற்று.

“இல்லை மாமா. நடந்து வந்தனான். அஞ்சு நிமிசம்.”

சாம்பவி சிஹாருவை முன்னுக்கு இழுத்தாள். “இவ சிஹாரு. என்ரை பக்கத்து ரூம். கரைக்குப் பக்கத்து ஊர். தாய், தேப்பன், தம்பி ஒருத்தற்றை தகவலும் இல்லை. மூண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை. எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. அழுறதெண்டால் இவவுக்கு அழுங்கோ.”

கோபப்பட அந்தப் பெண்களுக்கு நேரம் இருக்கவில்லை. கோபம் நாளைக்கும் இருக்கும். ஒருத்தி கதிரை இழுத்தாள், ஒருத்தி தேத்தண்ணி ஊற்றினாள், ஒருத்தி சிஹாருவின் தலையைத் தன் தோளில் சாய்த்து, அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காத யாழ்ப்பாணத் தமிழில் ஏதோ சொன்னாள். சிஹாரு மூன்று நாளில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

தில்லையம்பலம் அவளுக்கு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்தார். “கடல் எவ்வளவு தூரம் உள்ளுக்கு வந்ததாம் எண்டு கேள்.”

சாம்பவி கேட்டுச் சொன்னாள். அவர் தலையாட்டினார். “என்ரை தங்கச்சி இந்திராதேவி முல்லைத்தீவிலை. 2004. இந்தத் தெருவிலைதான் நான் போனோடை நிண்டனான், நாலு நாள்.” அஞ்சாம் நாளைப் பற்றி அவர் சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. “சாப்பிடச் சொல்லு, பிள்ளை. காத்திருக்கிறதுக்கும் பெலன் வேணும்.”

சிஹாரு சாப்பிட்டாள். புட்டும் முட்டைப் பொரியலும்.

மேடையிலிருந்து இறங்கிவந்த குணரத்தினம் மகளின் காதுக்குள், பல்லைக் கடித்துக்கொண்டு, “ரூமுக்குப் போ. சாமான் சட்டியைக் கட்டு,” என்றார். கையிலிருந்த ஒலிவாங்கியை அணைக்க மறந்துபோனார். ‘சாமான் சட்டியைக் கட்டு’ நாலு ஒலிபெருக்கியிலும் முழங்கிற்று.

தில்லையம்பலம் திரும்பிப் பார்த்தார். எத்தனை வருசமாகக் காத்திருந்த நாள்! இப்போது ஒரு வார்த்தை சொன்னால் தலைவர் பதவி கையில். அவர் வாயைத் திறந்தார்.

“ஏன் குணம் கட்டச் சொல்லுறாய்? படிக்கிற பிள்ளையெல்லோ. என்ரை பெடியனும் லண்டனிலை எண்டுதானே சொல்லி வைச்சிருக்கிறன். அவன் பொபினியிலை வோஷிங் மெஷின் திருத்துறான். வெள்ளைக்காரப் பிள்ளையோடை இருக்கிறான். நல்ல பிள்ளை.”

பின்வரிசையில் ஒரு பெண் இருமினாள். “எங்கடை மூத்தவளும் சுவிசிலை இல்லை. இஞ்சைதான், ஒபர்வில்லியேயிலை.” அதற்குப் பிறகு தடுக்க முடியவில்லை. அன்று பின்னேரம், ஒரு விமானமும் இறங்காமல், அந்த மண்டபத்தில் ஏழு பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தார்கள்.

அறை தப்பியது. தெருவெல்லாம் தெரிந்த பிறகு மகளை வீட்டுக்குக் கூப்பிட்டால், கூப்பிட்டதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையிலேயே குணரத்தினம் கடையில் நின்று, “பாஷை எண்டால் அந்தச் சனத்தோடை ஒண்டாய் இருந்து படிக்க வேணும். அதுதான் முறை. நான்தான் தேடிப் பிடிச்சு அந்த ஜப்பான் பிள்ளைக்குப் பக்கத்திலை ரூம் எடுத்துக் குடுத்தனான்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்று செய்தார். கதிரையில் ஏறி, ஒருவரும் சொல்லாமலே, இரண்டாவது மணிக்கூட்டைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு சேலை வாங்க வராத பெண்களும் கடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். “அங்கை இப்ப விடிஞ்சிட்டுதோ? பிள்ளைக்குப் போன் வந்ததோ?”

ஒன்பதாம் நாள் சிஹாருவுக்குப் போன் வந்தது. தாயும் தம்பியும் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். தகப்பன் வரவில்லை. இம்மாகுலேற் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள், தில்லையம்பலம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். சிஹாரு ஊருக்குக் கிளம்பிய அன்று மின்பானையை 407இன் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, வாசலில் நின்று, தமிழில், ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: “போட்டு வாறன்.”

சாம்பவி அந்த வருசம் தேறினாள். அடுத்த வருசமும். 2012 இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகம் அவளை ஒரு வருசப் படிப்புக்குத் தோக்கியோவுக்கு அனுப்பியது. உண்மையான விமானம், உண்மையான விடுதி. அங்கே நாலு அடுப்பும் சூடாகின. குளிர்பெட்டியில் ஒருவர் பாலை மற்றவர் தொடவில்லை. சுவர்களில் விதி ஒட்டியிருக்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் விதிப்படியே நடந்தார்கள். பின்னேரங்களில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காற்று வரும், மணம் ஒன்றும் வராது. அம்மாவின் சமையலைவிட, திரான்சி வீட்டைவிட, ஒன்பது சதுர மீற்றரும் அலுமாரிக்குள் வேகிற சோறும்தான் நினைவுக்கு வந்தன. விடுமுறையில் சிஹாருவின் வீட்டுக்குப் போனாள். தற்காலிகக் குடியிருப்பு, படலைக்குப் பதில் ஒரு தகரக் கதவு. தாய் அவளைக் கண்டதும் முதலில் கேட்டது, “புட்டுச் செய்யத் தெரியுமா?”

லாச்சப்பலில் குணரத்தினம் ஒரு மலையடிவாரத்தில் மகள் நின்ற படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டினார். “இது உண்மையிலேயே ஜப்பான்,” என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். “நல்ல வடிவு. பின்னாலை சீலையிலை மலையை உயிரோடை கீறியிருக்கிறாங்கள்,” என்றாள் ஒரு பெண்.

2013இல் திரும்பி வந்த கிழமையே சாம்பவி விடுதிப் பக்கம் போனாள். வாசலில் இம்மாகுலேற்.

“வந்திட்டியோ! தில்லையம்பலத்தார் வெள்ளிக்கிழமை தவறாமல் உனக்கு ரோல்ஸ் தந்துவிட்டவர் பிள்ளை. ‘ஜப்பானிலை இருக்கிற பிள்ளைக்குக் குடு’ எண்டு கண்ணைச் சிமிட்டுவார். நான் என்ன செய்ய? 407க்குக் குடுத்தன்.”

407இல் இப்போது பிரெத்தான்யிலிருந்து வந்த செசில் என்றொரு பெண். ரோல்ஸ் நகரசபை மாணவர்களுக்குக் கொடுக்கிற உதவித் திட்டம் என்றுதான் ஒரு வருசமாக நினைத்திருந்தாள். கோடை விடுமுறையிலும் தொடருமா என்று கவலையோடு கேட்டாள்.

சாம்பவி மெத்ரோப் பாலத்துக்குக் கீழால் நடந்து ரூ காய்க்குப் போனாள். தில்லையம்பலம் கல்லாவில் இருந்தார். தலைமயிர் முழுக்க நரைத்திருந்தது.

“மாமா, நான் உண்மையிலேயே ஜப்பானிலை இருந்தனான். ஒரு வருசம். ரோல்ஸ் எனக்கு வரேல்லை.”

“ஓம் ஓம் பிள்ளை,” என்றார் தில்லையம்பலம், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு ரோல்சை எடுத்துக் கடதாசியில் சுற்றிக்கொண்டே. “நடந்தே வந்தனி?”